சூடான தண்ணி அடியில, குளிர்ந்த தண்ணி மேல

நம்ம ஊர்ல உப்பைப் பத்தித் தனியாப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காட்டன் துணியில ரியாக்டிவ் டை ஏறணும்னா உப்புக் கொட்டியாகணும். சாயம் துணிக்குள்ள போயிடும், உப்பு தண்ணியிலயே நின்னுடும். அந்தத் தண்ணி நொய்யல்ல கலந்து கலந்துதான், 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இந்தப் பிரச்சினையால வந்ததுதான் ஆர்.ஓ., எவாப்பரேட்டர், ஜீரோ டிஸ்சார்ஜ் எல்லாம். திருமுருகன்பூண்டி டீக்கடையில கூட ‘டி.டி.எஸ். எவ்வளவுங்க?’ என்கிற பேச்சு காதுல விழும். உப்பையும் தண்ணியையும் பிரிக்க எவ்வளவு கரண்ட் ஆகும்னு இங்க எல்லாருக்கும் ஒரு கணக்கு உண்டு.

அதே வேலையை இயற்கை சும்மாவே செய்கிற இடம் ஒண்ணு இருக்கு. துருவத்தை ஒட்டிய கடற்கரை. இந்தக் கட்டுரை அந்தக் கடலைப் பத்தி. அங்க எந்தத் தண்ணி மேல மிதக்கும், எது அடியில போகும் என்பதை முடிவு பண்றது வெப்பநிலை இல்லை, உப்பு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், ஒரு கடல் குளிர்காலத்துல உறையாம நின்னுபோனது ஏன்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

முதல்ல ப்ளஸ் டூ பிசிக்ஸை ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்கலாம். நல்ல தண்ணிக்கு 4 டிகிரியில டென்சிட்டி அதிகம். அதனால ஒரு ஏரி குளிரும்போது, 4 டிகிரிக்குக் கீழ போன தண்ணி லேசாகி மேலேயே தங்கிடும். அங்கேயே உறையும். அடியில மீன் உயிரோட இருக்கும். பரீட்சையில ரெண்டு மார்க் கேள்வி.

கடல் தண்ணிக்கு இது பொருந்தாது. ஒரு கிலோ தண்ணியில சுமார் 24.7 கிராமுக்கு மேல உப்பு இருந்தால், டென்சிட்டி உச்சம் தொடுறதுக்கு முன்னாடியே அது உறைஞ்சிடும். சாதாரணக் கடல் தண்ணியில 35 கிராம் உப்பு இருக்கு. உறைநிலை சுமார் மைனஸ் 1.9 டிகிரி. அதாவது, உறையும் வரைக்கும் குளிரக் குளிர எடை கூடிக்கிட்டே போகும். மேல குளிர்ந்த தண்ணி கீழ இறங்கும், கீழ இருக்கிற தண்ணி மேல வரும், அதுவும் குளிரணும். இப்படி அந்த அடுக்கு முழுக்க மைனஸ் 1.9-ஐ நெருங்கினாத்தான் ஐஸ் ஆரம்பிக்கும். மேல வீசுற காத்து மைனஸ் 20-ஆ இருந்தாலும் சரி, அடியில சூடு சேர்ந்து கிடந்தால் ஐஸ் லேட் ஆகும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்ப ஒரு சோதனை. ஹாஸ்டல்ல ஃப்ரிட்ஜ் கிடைக்காது, வீட்டுக்குப் போகும்போது பண்ணுங்க. ஒரு லிட்டர் தண்ணியில 35 கிராம் உப்பைக் கரைச்சு, ஒரு கிண்ணத்துல ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க. முழுசா உறைய விடாதீங்க. பாதி உறைஞ்சதும் எடுத்து, மிச்சத் தண்ணியைத் தனியா வடிச்சிடுங்க. ஐஸைச் சட்டுனு ஒரு தடவை அலசி நாக்குல வைங்க. அப்புறம் வடிச்ச தண்ணியையும் ஒரு சொட்டு. ஐஸ்ல கொஞ்சம் கரிக்கும், ஏன்னா உப்புத் தண்ணி சின்னச் சின்னப் பைகளா அதுக்குள்ள மாட்டியிருக்கும். ஆனா வடிச்ச தண்ணி வாயில வைக்க முடியாது. ஐஸ் படிகத்துக்குள்ள உப்புக்கு இடமில்லை; வெளிய தள்ளிடும். நம்ம பாஷையில சொன்னால், ஐஸ்தான் பெர்மியேட், வடிச்சது ரிஜெக்ட்.

அந்த ரிஜெக்ட் சும்மா கிடக்காது. உப்பு அதிகம், குளிரும் அதிகம், அதனால கனம். நேரா அடிக்கு இறங்கும். அண்டார்டிகாவுல நம்ம பாரதி ஆய்வு நிலையம் 2012-ல தொடங்கினது பிரிட்ஸ் விரிகுடா ஓரத்துல. அந்தக் கரையோரத்துல சில இடங்கள்ல காத்து நிலத்துலருந்து கடல் பக்கமா அடிச்சு, உருவாகுற ஐஸை உடனே தள்ளிக்கொண்டு போயிடும். வெறும் தண்ணி திரும்ப வெளிய தெரியும், திரும்ப உறையும், திரும்பத் தள்ளும். குளிர்காலம் முழுக்க ஷிஃப்ட் போட்டு ஓடுற ஐஸ் ஃபேக்டரி. இதுக்குப் பேர் போலினியா. அது கழிக்கிற உப்புத் தண்ணி கண்டத்திட்டுல இறங்கி, கடைசியில பெருங்கடலோட அடித்தளத்துக்கே போய்ச் சேருது.

இப்ப கொஞ்சம் கணக்கு. இதைத் தாண்டிப் போயிடாதீங்க, கட்டுரையோட உயிரே இங்கதான். 1000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் நிறையக் கடல் தண்ணி இருக்குன்னு வைங்க. ராமேஸ்வரம் பக்கம் மாதிரி 28 டிகிரி. அதை ஒரு டிகிரி குளிரவெச்சால், அந்தக் கொள்ளளவுல எடை சுமார் 330 கிராம் கூடும். அதே டேங்க் 0 டிகிரியில இருந்தால்? ஒரு டிகிரி குளிருக்கு வெறும் 50 கிராம்தான். குளிர்ந்த தண்ணியில வெப்பநிலைக்கு அவ்வளவுதான் மரியாதை. ஆனா கிலோவுக்கு ஒரு கிராம் உப்பைக் கூட்டினால், ரெண்டு இடத்துலயும் முக்கால் கிலோவுக்கு மேல எடை ஏறும். ஆக, துருவக் கடல்ல ஒரு கிராம் உப்பு பத்துப் பதினஞ்சு டிகிரி குளிருக்குச் சமம்.

இதோட விளைவுதான் தலைப்பு. ஐஸ் உருகி உப்புக் குறைஞ்ச தண்ணி மைனஸ் 1 டிகிரியில மேல மிதக்கும். அதுக்கு அடியில 3 டிகிரியில ‘சூடான’ தண்ணி, உப்பு அதிகம்கிறதால, அமைதியாப் படுத்திருக்கும். பாத்ரூம் கீசரை வெச்சு யோசிச்சால் தலைகீழாத் தெரியும். அந்த அடித் தண்ணி மேல இருக்கிற காத்தைத் தொடாது, அதனால சீக்கிரம் ஆறாது. பிளாஸ்க்ல ஊத்தி வெச்ச மாதிரி.

இந்தச் சூடு போய் இடிக்கிற இடத்தைப் பார்க்கணும்னா நார்வேயோட ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போகணும். 79 டிகிரி வடக்குல கோங்ஸ்ஃபியோர்டன்னு ஒரு ஃபியோர்டு. பனியாறு குடைஞ்ச பள்ளத்தாக்குல கடல் புகுந்தால் அது ஃபியோர்டு. இதோட தெற்குக் கரையில நி-ஆலெசுண்ட் என்கிற குட்டி ஊர். 2008 ஜூலையிலருந்து நம்ம ஹிமாத்ரி நிலையம் அங்கதான் இருக்கு. ஃபியோர்டோட உள்முனையில குரோனெப்ரீன் மாதிரியான பனியாறுகள் கடலுக்குள்ளேயே வந்து முடியுது. வெளிய, ஸ்வால்பார்டோட மேற்குக் கரையை ஒட்டி, அட்லாண்டிக்லருந்து வர்ற சூடான, உப்பான நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுது. நிறைய ஃபியோர்டுகளுக்கு வாசல்ல கடலடியில ஒரு மேடு, வாசப்படி மாதிரி இருக்கும். இங்க அந்த அளவுக்குத் தடுக்கிற படி இல்லை. காத்து சரியா அமைஞ்சால் வெளித் தண்ணி உள்ள வந்துடும்.

2005-06 குளிர்காலத்துல அப்படித்தான் அமைஞ்சது. வடக்குலருந்து கரையை ஒட்டிக் காத்து விடாம அடிச்சது. பூமி சுத்துறதால, வட அரைக்கோளத்துல காத்து தள்ளுற மேல் தண்ணி காத்தோட திசைக்கு வலப்பக்கமா விலகும். இங்க அது ஆழ்கடல் பக்கம். மேல் தண்ணி கரையை விட்டுப் போனால், அந்த இடத்தை நிரப்ப அடியிலருந்து அட்லாண்டிக் தண்ணி வந்தாகணும். வந்தது, ஃபியோர்டுக்குள்ளேயும் நிறைஞ்சது. முன்னாடி ஞாபகம் வெச்சுக்கச் சொன்னதை இப்ப எடுங்க: அடுக்கு முழுக்க ஆறாம ஐஸ் வராது. அந்தக் குளிர்காலம் ஐஸ் சரியாப் பிடிக்கலை. அதுக்கப்புறம் வந்த பெரும்பாலான வருஷங்கள்லயும் பழைய அளவு ஐஸ் திரும்பலை. அங்க இருக்கிற வளையச் சீல்கள், கரையோர ஐஸ் மேல விழுற பனியில குழி பறிச்சுத்தான் குட்டி போடும். ஐஸ் இல்லைன்னா அதுக்குப் பிரசவ அறையே இல்லை.

பனியாறுக்கு நடக்கிறது இன்னும் மோசம். கோடையில மேல உருகுற தண்ணி விரிசல் வழியா இறங்கி, பனியாறோட அடியிலருந்து கடலுக்குள்ள பீச்சும். அது நல்ல தண்ணி, லேசு, அதனால ஐஸ் சுவரை உரசிக்கிட்டே வேகமா மேல ஏறும். ஏறும்போது பக்கத்துல இருக்கிற சூடான உப்புத் தண்ணியையும் இழுத்துச் சுவர் மேல தேய்க்கும். கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு இது பழகின விஷயம், கிளறினால் ஹீட் டிரான்ஸ்ஃபர் கூடும். செம்பழுப்பு வண்டலோட அது மேல வந்து கொதிக்கிற இடத்துல கடல் பறவைகள் கூட்டமா இரை பொறுக்கும். கடல் ஐஸ் உருகினால் கடல் மட்டம் அனேகமா ஏறாது, அது ஏற்கெனவே மிதக்குது. நிலத்துலருந்து வர்ற பனியாறு உருகினால் ஏறும். அந்தத் தண்ணிக்கு நாகப்பட்டினம் தூரமில்லை.

சரி, இதையெல்லாம் சாட்டிலைட்ல பார்த்துக்கலாமே? முடியாது. சாட்டிலைட்டுக்குக் கடலோட மேல்தோல்தான் தெரியும், கதை நடக்கிறது நூறு மீட்டர் அடியில. கப்பல்ல போய் அளக்கலாம், ஆனா குளிர்காலத்துல சுமார் நாலு மாசம் அங்க சூரியனே எழும்பாது. அதனால வருஷம் முழுக்கத் தண்ணிக்குள்ளேயே இருக்கிற ஒரு ஆள் வேணும்.

அந்த ஆளை அனுப்பினதுல சென்னை பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கோவாவோட துருவ ஆராய்ச்சி மையமும், ஹைதராபாத்தோட இன்காய்ஸும் கூட. 2014 ஜூலை 23 அன்னிக்கு, நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தோட ‘லான்ஸ்’ கப்பல்லருந்து, 192 மீட்டர் ஆழத்துல ‘இண்ட்ஆர்க்’ என்கிற மூரிங்கை இறக்கினாங்க. வட துருவத்துலருந்து சுமார் 1200 கிலோமீட்டர் தூரம். அடியில கனமான நங்கூரம், அதுலருந்து நிமிர்ந்து நிற்கிற ஒரு கயிறு, கயிறு நெடுக வெவ்வேறு ஆழத்துல 10 சென்சார்கள். வெப்பம், உப்பு, நீரோட்டம் எல்லாத்தையும் பதிவு பண்ணும். ஆர்க்டிக்குக்கும் நம்ம பருவமழைக்கும் என்ன தொடர்புன்னு பார்க்கிறதும் இதோட நோக்கங்கள்ல ஒண்ணு. அது இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற கேள்வி. அதனால ‘ஆர்க்டிக் உருகினால் நொய்யல்ல வெள்ளம்’னு வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் வெச்சிடாதீங்க.

ப்ராஜெக்டுக்கு டாபிக் தேடுறவங்க இந்த மாதிரி மூரிங்கோட டிசைனைப் பாருங்க. மேல் மிதவை தண்ணிக்கு மேல தலை காட்டக் கூடாது, மிதந்து வர்ற ஐஸ் இழுத்துட்டுப் போயிடும். குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஆனா ஒரு வருஷம் தாங்கணும். கடல் தண்ணிக்குள்ள ரேடியோ அலை போகாது, அதனால டேட்டாவை அங்கேயே சேமிச்சு வெக்கணும். மூரிங் தொலைஞ்சால் ஒரு வருஷமும் தொலைஞ்சது. திரும்ப எடுக்கக் கப்பல் மேல வந்து நின்னு, தண்ணிக்குள்ள ஒலியா ஒரு கோடு அனுப்பும். நங்கூரத்துக்கு மேல இருக்கிற கொக்கி அந்தக் கோடை மட்டும் அடையாளம் கண்டு திறக்கணும். திறந்தால் மிதவைகள் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு மேல வரும். பனியாற்று ஐஸ் உருகும்போது அதுக்குள்ள அடைஞ்ச காத்துக் குமிழிகள் வெடிக்கும்; அந்தப் படபடச் சத்தம் நிறைஞ்ச தண்ணியில அந்தக் கோடு காதுல விழணும். ஈ.சி.இ. நண்பர்களே, சிக்னல் டு நாய்ஸ் கணக்கை அங்கருந்து ஆரம்பிக்கலாம்.