மூன்று விநாடி பொறுப்போம்

வகுப்பில் ஒரு கேள்வி கேட்கிறோம். பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, ஏராளமான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970களில் இதற்கு விடை சொன்னார். சராசரியாக ஒரு விநாடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் கேள்வியைத் திரும்பச் சொல்கிறார், அல்லது வேறொருவரைக் கேட்கிறார், அல்லது தாமே விடையைச் சொல்லிவிடுகிறார்.

அவர் கண்ட இன்னொன்று நம்மை யோசிக்க வைப்பது. நன்றாகப் படிப்பவர் என்று ஆசிரியர் கருதும் மாணவருக்குக் கிடைக்கும் நேரம்கூட, பின்தங்கியவர் என்று கருதப்படும் மாணவருக்குக் கிடைக்கவில்லை. யாருக்கு நேரம் கூடுதலாகத் தேவையோ, அவருக்கே அது குறைகிறது. நம் அவசரத்தால் இழப்பது கடைசி வரிசைக் குழந்தைதான்.

அந்த ஒரு விநாடியை மூன்று விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன. 'தெரியாது' என்பதும் மௌனமும் குறைந்தன. வழக்கமாகப் பேசாத மாணவர்கள் பேசினர். மாணவர்களே கேள்வி கேட்பதும் கூடியது.

காரணம் எளிது. 'மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, எது பெரியது?' என்று என் ஆறாம் வகுப்பில் கேட்கிறேன். குழந்தை கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும், மனத்தில் ஒரு தோசையை வெட்டிப் பார்க்க வேண்டும், விடையைச் சொற்களாக்க வேண்டும், பிறகு நாற்பது பேர் முன்னால் அதைச் சொல்லத் துணிய வேண்டும். ஒரு விநாடியில் இவ்வளவும் நடக்குமா?

நான் கடைப்பிடிக்கும் முறை இது:

1. முதலில் கேள்வி, பிறகு மூன்று வரை மனத்துக்குள் எண்ணுதல், அதன் பிறகே மாணவர் பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவர்.
2. பதில் வந்ததும் உடனே 'சரி', 'தப்பு' என்று சொல்லாமல் மீண்டும் மூன்று விநாடி. பல வேளைகளில் 'ஏன்னா டீச்சர்...' என்று காரணம் தானாக வரும்.
3. வாய்ப்பாடு போன்ற நினைவுக் கேள்விகளுக்கு இந்த இடைவெளி தேவையில்லை.

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா என்று கேட்கலாம். ஒரு பாடவேளையில் பத்துக் கேள்விகள் என்று கொள்வோம். இரண்டு இடங்களிலும் இரண்டிரண்டு விநாடி கூடினால் மொத்தம் நாற்பது விநாடிதான்.

கற்றபின் ஓய்வும் கற்றலுக்கு உதவக்கூடும். எடின்பரோவில் முதியவர்களிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கதை கேட்டபின் பத்து நிமிடம் கண்மூடி அமைதியாக இருந்தவர்கள், கேட்டவுடன் வேறு வேலையில் இறங்கியபோது நினைவில் வைத்ததைவிட அதிகம் நினைவு வைத்திருந்தனர். ஏழு நாள் கழித்தும் அந்த வேறுபாடு இருந்தது. இதைக் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் மணி அடித்தபின் பாடத்தை நீட்டாமல் இருக்கலாம், விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் வாங்காமல் இருக்கலாம். அவை வீணாகும் நேரம் அல்ல.

ஆசிரியருக்கும் இதில் ஓய்வு உண்டு. அந்த மூன்று விநாடியில் நான் மூச்சு விடுகிறேன், தண்ணீர் குடிக்கிறேன், முகங்களைப் பார்க்கிறேன். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று முகங்களே சொல்லிவிடுகின்றன.

நாளை ஒரே ஒரு பாடவேளையில் முயன்று பாருங்கள். புதிதாக யார் பதில் சொன்னார் என்பதை மட்டும் பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.