கேமரா ஃபைன் போட்டுவிட்டதா? கட்டும் முன் கவனியுங்கள்

1. எஸ்எம்எஸ் வந்ததும் பதறி லிங்க்கைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ‘ஆர்டிஓ சலான்’ என்று ஏபிகே ஃபைல் வந்தால் அது மோசடி. போனில் ஏற்றினால் ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். அப்படிப் பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

2. நிஜச் சலானா என்று பார்க்க, ‘பரிவாகன்’ தளத்தின் இ-சலான் பக்கத்துக்கு நீங்களே போங்கள். முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடிய வேண்டும். வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கம் கேட்கும். ஆர்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

3. தொகையை அப்புறம் பாருங்கள், முதலில் போட்டோ. கேமரா உங்களைப் பிடிப்பது நம்பர் பிளேட்டை வைத்துத்தான். ஓட்டியது யார் என்பது அதற்குத் தெரியாது. போட்டோவைப் பெரிதாக்கி எண்ணை ஓர் எழுத்து விடாமல் படியுங்கள். சேறு படிந்த பிளேட்டில் ‘8’ ‘3’ ஆகிவிடும், ‘0’ ‘டி’ ஆகிவிடும். வண்டியின் மாடல், நிறம், தேதி, நேரம், இடம் எல்லாம் பொருந்துகிறதா? சீட் பெல்ட் சலான் என்றால் சட்டை நிறத்தையும் பாருங்கள். கறுப்புச் சட்டைமேல் கறுப்பு பெல்ட் போட்டிருந்தால் படத்தில் தெரியாது. (எண்ணை வளைத்து நெளித்து எழுதி, நடுவில் நடிகர் படம் ஒட்டியவர்கள் மெஷினைக் குறை சொல்ல வேண்டாம்.)

4. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்த்த 167ஏ விதியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கேமரா இருப்பதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகை சாலையில் இருக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். இவற்றில் குறை இருந்தால் ஆட்சேப மனுவில் எழுதலாம். ஆனாலும் தாமதத்தை மட்டும் நம்பி இறங்குவதைவிட, படத்திலேயே உள்ள தவறைப் பிடிப்பதுதான் பலம்.

5. ஆட்சேபிக்கப் போகிறீர்கள் என்றால் பணம் கட்டாதீர்கள். கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். நோட்டீஸில் உள்ள கெடுவையும் தவற விடாதீர்கள்.

6. இ-சலான் தளத்திலேயே புகார் பகுதி இருக்கிறது. அங்கே கதை வேண்டாம், இரண்டு வரி போதும்: ‘படத்தில் உள்ளது கறுப்பு பைக். என்னுடையது சிவப்பு ஸ்கூட்டர். ஆர்சி நகலும் வண்டியின் படங்களும் இணைத்துள்ளேன்.’ ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு சிக்னல் கோட்டைத் தாண்டியவர்கள் வீடியோவைப் பார்க்கும்படி கேளுங்கள். ஒற்றைப் படத்தில் அது விளங்காது.

7. உங்கள் எண்ணை வேறு யாரோ மாட்டிக்கொண்டு திரிகிறார் என்று தெரிந்தால், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். அடுத்த சலானுக்கும் அதுவே பதில்.

8. விற்ற வண்டிக்குச் சலான் வருகிறதா? ஆர்சி இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது என்று அர்த்தம். விற்ற 14 நாளுக்குள் ஃபார்ம் 29 கொடுப்பது விற்றவரின் பொறுப்பு. ‘புரோக்கர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டால் ஃபைன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

9. சலான் ‘விர்ச்சுவல் கோர்ட்’ என்ற இணையவழி நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், அதன் தளத்தில் இரண்டு வழி: ஒப்புக்கொண்டு கட்டலாம், வழக்காடுகிறேன் என்று சொல்லலாம். இரண்டாவதைத் தேர்ந்தால் வழக்கு நேரடி நீதிமன்றத்துக்குப் போகும், அலைச்சலும் உண்டு. ஹெல்மெட் போடாமல் போனது நிஜமென்றால் 1000 ரூபாயைக் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

10. கட்டிய ரசீதைச் சேமித்துவையுங்கள். சில நாள் கழித்து, சலான் முடிந்ததாகத் தளத்தில் காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நிலுவையாகவே கிடந்தால், வண்டியைப் பெயர் மாற்றப் போகும்போது இடிக்கும்.