எம்எக்ஸை மாற்றினால் போதுமா?

கேள்வி: காரிமங்கலம் பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துகிறோம். சொந்த டொமைனில் பதினைந்து பேருக்கு மெயில் இருக்கிறது. போன சீசனில் எங்கள் முகவரியைப் போட்டு யாரோ துபாய் வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பி, ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்’ என்று கேட்டிருக்கிறார்கள். அவர் போன் செய்து விசாரித்ததால் தப்பித்தோம். இப்போது ஒரு மெயில் பாதுகாப்புச் சேவைக்குச் சந்தா கட்டியிருக்கிறோம். ‘டொமைனைச் சேர்த்து எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றினால் வேலை முடிந்தது’ என்கிறார்கள். அவ்வளவுதானா? மாற்றும்போது மெயில் ஏதும் தொலைந்துபோகுமா?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: அவ்வளவு இல்லை. எம்எக்ஸ் என்பது உங்களுக்கு வரும் மெயில் எங்கே வந்து சேர வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லும் ரெக்கார்டு. அதை மாற்றினால் உள்ளே வருபவை வடிகட்டப்படும். துபாய்க்குப் போன அந்த மெயிலோ உங்கள் சர்வரை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. அதைத் தடுப்பது வேறு வேலை, பிறகு வருகிறேன்.

முதலில் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்து நிறுவனங்கள் பலவற்றில் இணையதளம் செய்து கொடுத்தவர் பெயரில்தான் இருக்கும். டொமைனின் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் டிஎன்எஸ் கணக்கின் கடவுச்சொல்லும் அவரிடம்தான். டொமைன் கையைவிட்டுப் போனால் மெயிலும் போய்விடும். 2018 செப்டம்பரில், பிஷிங் புகார்களைக் காரணம் காட்டி, மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் முதன்மை டொமைனையே அதன் பதிவு நிறுவனம் முடக்கியது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்கும் நிலை வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. எனவே பதிவை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொண்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

சேவையில் டொமைனைச் சேர்த்ததும் ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு தருவார்கள். டொமைன் உங்களுடையதுதான் என்பதற்கு அது சான்று. அதை டிஎன்எஸ்ஸில் போடுங்கள். எம்எக்ஸில் இன்னும் கை வைக்க வேண்டாம். அடுத்து, வடிகட்டிய மெயிலை எந்த சர்வரில் சேர்ப்பது என்று சேவை கேட்கும். இப்போது உங்கள் மெயில் இருக்கும் சர்வரின் பெயரைக் கொடுங்கள்.

அதற்கடுத்த படியில்தான் பலர் சறுக்குகிறார்கள்: முகவரிப் பட்டியல். பதினைந்து பேரின் முகவரியை மட்டும் ஏற்றினால் போதாது. சேல்ஸ், அக்கவுண்ட்ஸ், இன்ஃபோ போன்ற பொது முகவரிகள், வேலையை விட்டுப் போன மேனேஜரின் பெயருக்குப் பழைய வாடிக்கையாளர்கள் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கும் முகவரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். மெயில் தொலையுமா என்று கேட்டீர்களே, அதற்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. உங்கள் சர்வர் சற்று நேரம் கிடைக்காமல் போனால், அனுப்பும் சர்வர் விடாமல் மறுபடி மறுபடி முயலும். பொதுவாக நான்கைந்து நாள் வரைகூட. ஆனால் ‘இப்படி ஒரு முகவரியே இல்லை’ என்று சேவை பதில் சொல்லிவிட்டால், மெயில் அந்த நொடியே திரும்பிவிடும். ஆபத்து எம்எக்ஸில் இல்லை, விடுபட்ட முகவரியில் இருக்கிறது.

பட்டியல் சரியானதும், எம்எக்ஸின் டிடிஎல் மதிப்பை (பழைய விவரத்தை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) முந்தைய நாளே 300 நொடிக்குக் குறைத்து வையுங்கள். ஏதாவது தவறினால் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பலாம். பெங்களூரா மாங்காய் லோடு வந்து குவியும் ஜூன், ஜூலையில் இந்த வேலையே வேண்டாம். சீசன் இல்லாத மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை போதும். 2022 முதல் துபாயிலும் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை.

மாற்றும்போது பழைய எம்எக்ஸ் வரிகளை முழுவதும் நீக்குங்கள். ‘ஒரு பேக்கப்புக்கு இருக்கட்டும்’ என்று சிலர் விட்டுவைப்பார்கள். ஸ்பேம் அனுப்புபவர்கள் அந்தப் பழைய வரியைத்தான் தேடிப் பிடிப்பார்கள். கூடவே, சேவையின் ஐபி முகவரிகளிலிருந்து வரும் மெயிலை மட்டும் ஏற்கும்படி உங்கள் சர்வரை அமையுங்கள். இல்லாவிட்டால் வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான். இனி எல்லா மெயிலும் அந்தச் சேவை வழியாகத்தான் வரும் என்றும் சர்வருக்குச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால், அனுப்பியவரின் ஐபி பொருந்தவில்லை என்று நல்ல மெயிலையும் அது ஸ்பேமில் தள்ளும்.

இனி துபாய் விவகாரம். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும். உங்கள் பெயரில் மெயில் அனுப்பும் இடங்களை எல்லாம் முதலில் எழுதுங்கள்: மெயில் சர்வர், இந்தப் புதிய சேவை, பில் அனுப்பும் கணக்கு மென்பொருள், இணையதளத்தின் விசாரணைப் படிவம். உங்கள் பெயரில் எந்தெந்த இடத்திலிருந்து மெயில் வரலாம் என்று சொல்வதுதான் எஸ்பிஎஃப்; இவை எல்லாம் ஒரே எஸ்பிஎஃப் வரிக்குள் வர வேண்டும். இரண்டு வரி போட்டால் சோதனையே தோற்கும். ஒரு வரிக்குள் பத்து டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகவும் கூடாது. டிகிம், மெயிலில் இடும் மின் கையொப்பம்.

இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று மற்ற சர்வர்களுக்குச் சொல்வது டிமார்க். அதை முதலில் ‘நன்’ என்று வைத்துச் சில வாரம் அறிக்கைகளைப் பாருங்கள். உங்கள் சொந்த மெயில் எதுவும் சிக்கவில்லை என்று தெரிந்த பிறகு ‘குவாரன்டைன்’, கடைசியில் ‘ரிஜெக்ட்’. முதல் நாளே ‘ரிஜெக்ட்’ போட்டு, தங்கள் பில்லையே தாங்கள் தடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ‘நன்’னிலேயே நின்றுவிடுவதும் தவறு, அது வேடிக்கை பார்க்குமே தவிர எதையும் தடுக்காது. 2024 பிப்ரவரி முதல், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இல்லாமல் மெயில் அனுப்பக் கூடாது என்று ஜிமெயில் எல்லோரிடமும் கேட்கிறது. ஒரே நாளில் ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு வழி திறந்தே இருக்கும். உங்கள் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் புது டொமைன் வாங்கி அனுப்பினால் டிமார்க்கால் தடுக்க முடியாது. அக்கவுண்ட்ஸ் ஊழியரின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளிருந்தே அனுப்பினாலும் முடியாது. பதினைந்து பேருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். யாருடைய மெயிலாவது தெரியாத முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு ஆகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உங்கள் பணமே மோசடியில் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

உங்களைக் காப்பாற்றியது துபாய்க்காரர் செய்த போன்தான். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாற்றத்தை மெயிலில் மட்டும் தெரிவிக்க மாட்டோம், போனில் உறுதி செய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம்’ என்று ஒவ்வொரு இன்வாய்ஸிலும் இன்றைக்கே அச்சிடத் தொடங்குங்கள். அதற்குச் சந்தா எதுவும் கட்ட வேண்டியதில்லை.