பாலூட்டும் தாய்மாரும் தைராய்டுக் குறையும்

பிள்ளை பெற்ற சில மாதங்களில், தறியில் அமர்ந்தால் மிதியை அழுத்தவும் இயலாத சோர்வு சில சகோதரிகளுக்கு உண்டாகிறது. வீட்டார் அதனைச் சோம்பல் என்று கருதிவிடுகின்றனர். தூக்கமின்மை காரணமாகலாம், தைராய்டுச் சுரப்பியின் குறையும் காரணமாகலாம். ஆதலின் அதனைப் பற்றி அறிந்துகொள்வது நலம்.

சுரப்பியின் தொழில்: கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது இச்சுரப்பி. உடல் எத்துணை விரைவாகச் சக்தியைச் செலவிட வேண்டும் என்பதை இதன் சுரப்பு நிர்ணயிக்கிறது. அது குறைந்தால் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியன தோன்றும், தாய்ப்பாலும் குறையக்கூடும். மிகுந்தால் படபடப்பு, கைநடுக்கம், இளைப்பு உண்டாகும். பிரசவத்திற்குப் பின் ஓராண்டுக்குள் இச்சுரப்பி அழற்சியுற்று, முதலில் மிகுதியும் பின்னர்க் குறைவும் காட்டுவதுண்டு. இரத்தப் பரிசோதனையே ஐயத்தைத் தீர்க்கும்.

மாத்திரை: சுரப்புக் குறைவுக்குத் தரப்படும் லெவோதைராக்சின் மாத்திரை பாலைக் கெடுக்கும் என்றஞ்சி நிறுத்துவோர் உளர். இது தவறு. பாலில் கலப்பது மிகச் சொற்பம், குழந்தைக்குத் தீங்கில்லை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, 30 முதல் 60 நிமிடம் கழித்தே காப்பியோ உணவோ கொள்ளுதல் வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. பிரசவமாகி 6 வாரங்களில் மறுபரிசோதனை செய்து, அளவை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

உடற்பயிற்சி: பயிற்சியால் பால் வற்றும் என்பதும் வீண் அச்சமே. 1994-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பாலூட்டும் தாய்மார் நாளொன்றுக்கு 45 நிமிடமாக, வாரம் 5 நாட்கள், 12 வாரங்கள் பயிற்சி செய்தனர். பாலின் அளவோ தன்மையோ குன்றவில்லை. குழந்தைகளின் எடையும் குறைவின்றி ஏறியது.

தறி மிதிப்பதும் களையெடுப்பதும் பயிற்சியல்லவா எனக் கேட்கலாம். உழைப்புத்தான், ஆயினும் முதுகு வளைந்து ஒரே நிலையில் செய்வது. நிமிர்ந்து கைவீசி நடப்பது அவ்விறுக்கத்தைத் தளர்த்தும். முதலில் நாள்தோறும் 10 நிமிடம், பின்னர்ப் படிப்படியாக 30 நிமிடம், பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகத்தில் நடக்கலாம். புறப்படுமுன் குழந்தைக்குப் பாலூட்டித் தாமும் நீர் பருகுதல் நன்று. அறுவைப் பிரசவமாயின் மருத்துவரின் அனுமதி பெற்றே தொடங்குக. சுரப்பு மிகுந்து படபடப்புள்ளோர், அது அடங்கும் வரை கடும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும்.

நடை மாத்திரைக்கு ஈடாகாது. மாத்திரையும் நடைக்கு ஈடாகாது. இரண்டும் இடையறாது நடைபெற வேண்டுமாயின், நாளும் அரைமணி நேரம் குழந்தையை ஏந்திக்கொள்ள வீட்டில் ஒருவர் முன்வருதல் வேண்டும். சங்கத்தில் நாம் கற்ற கூட்டுறவு இல்லத்திலும் விளங்குக!