இரண்டு மரக்கால்கள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

பாலை லிட்டரிலும், துணியை மீட்டரிலும், அரிசியைக் கிலோவிலும் அளக்கிறோம். அதுபோலக் கணிப்பொறியில் தகவலைப் பைட்டில் அளக்கிறோம். இந்த அளவைச் சரியாக அறியாததால் நான் ஒருவரிடம் வீண்சண்டை போட்டேன். அதற்கான காரணத்தையும், அதன் பின்னுள்ள கணக்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

என் அக்காளின் திருமணப் படங்களை ஒரு டி.வி.டி. தகட்டில் பதிந்துவைக்க எண்ணினேன். படங்களின் மொத்த அளவு 4.5 ஜிகாபைட் என்று கணிப்பொறி காட்டியது. தகட்டின் மேல் 4.7 ஜிகாபைட் என்று அச்சிட்டிருந்தது. ஆனால் பதியத் தொடங்கியபோது, தகட்டில் 4.38 ஜிகாபைட் இடமே உண்டு, படங்கள் அடங்கா என்று கணிப்பொறி மறுத்துவிட்டது. நாகர்கோவிலில் தகடு வாங்கிய கடைக்கே திரும்பிப் போய், “குறைத்துக் கொடுத்து ஏமாற்றுகிறீர்களே!” என்று பலர் முன்னிலையில் பேசிவிட்டேன். கடைக்காரர், “எல்லாத் தகடும் அப்படித்தான் காட்டும் தம்பி” என்றார். நான் நம்பவில்லை.

கணக்கு எங்கே பிரிகிறது?

எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ‘கிலோ’ என்றால் ஆயிரம், ‘மெகா’ என்றால் பத்து லட்சம், ‘ஜிகா’ என்றால் நூறு கோடி என்று நாம் இயற்பியலில் படிக்கிறோம். கணிப்பொறியோ இரண்டின் அடுக்குகளில் எண்ணுவது. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024 வரும். அது ஆயிரத்துக்கு அருகில் இருப்பதால், அதையும் ‘கிலோ’ என்றே அழைத்துவிட்டார்கள். அந்த வழியில் ஒரு மெகாபைட் 10,48,576 பைட். ஒரு ஜிகாபைட் 107,37,41,824 பைட். கிலோவில் 2.4 விழுக்காடாக இருக்கும் வேறுபாடு, மெகாவில் 4.9 ஆகவும், ஜிகாவில் 7.4 ஆகவும் வளர்கிறது.

குறுந்தகடு

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, முதலில் பாட்டுக்காகவே செய்யப்பட்டது. எனவே அதன் கொள்ளளவு நிமிடத்தில் சொல்லப்படும். ஒரு நொடிக்கு 75 துண்டுகள்; 80 நிமிடத் தகட்டில் 80 × 60 × 75 = 3,60,000 துண்டுகள். பாட்டாக இருந்தால் ஒரு துண்டில் 2,352 பைட் அடங்கும். கணிப்பொறித் தகவலாக இருந்தால் 2,048 பைட்தான். எஞ்சிய 304 பைட்டில் பெரும்பகுதி பிழை திருத்தும் குறியீடுகளுக்குப் போகிறது. தகட்டில் கீறல் விழுந்தாலும் தகவல் கெடாமல் காப்பது அதுவே.

ஆகவே மொத்தம் 3,60,000 × 2,048 = 73,72,80,000 பைட். இதைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 737. 10,48,576ஆல் வகுத்தால் 703. தகட்டின் மேல் ‘700’ என்றே போட்டிருக்கும். அதாவது, குறுந்தகடு கணிப்பொறியின் பெரிய அளவையால் அளக்கப்பட்டது.

டி.வி.டி. தகடு

குறுந்தகட்டில் 1.6 மைக்ரோமீட்டராக இருந்த தடங்களின் இடைவெளி, டி.வி.டி.யில் 0.74 ஆகக் குறைந்தது. லேசர் ஒளியின் அலைநீளமும் 780 நானோமீட்டரிலிருந்து 650 ஆகக் குறைந்தது. அதனால் அதே அகலமுள்ள தகட்டில் மிகுதியான தகவல் அடங்கிற்று. பதிவுசெய்யும் டி.வி.டி. வகை ஒன்றில் 22,98,496 துண்டுகள் உண்டு. 2,048ஆல் பெருக்கினால் 470,73,19,808 பைட். நூறு கோடியால் வகுத்தால் 4.7, 107,37,41,824ஆல் வகுத்தால் 4.38! தகட்டின் மேல் அச்சிட்டது முதல் கணக்கு. விண்டோஸ் காட்டியது இரண்டாம் கணக்கு. என் படங்களின் 4.5உம் இரண்டாம் கணக்கே. அது ஏறத்தாழ 483 கோடி பைட். அடங்காததில் வியப்பில்லை.

ஒரே கடையில் ஒரே தட்டில் இருக்கும் இரண்டு தகடுகளில் ஒன்றுக்கு ஓர் அளவை, மற்றதற்கு வேறோர் அளவை! ஆனால் பெயர் மட்டும் ஒன்று.

பாட்டா சொன்னது

இதை வீட்டில் சொன்னபோது என் பாட்டா சிரித்தார். வயலில் கூலிக்கு அறுத்தவர் அவர். எங்கள் வீட்டுக் கணக்கில் கோட்டைக்கு 21 மரக்கால். ஆனால் பாட்டநெல் அளக்க ஒரு மரக்காலும், கூலிநெல் அளக்கச் சற்றுச் சிறிய மரக்காலும் வைத்திருந்த களங்களும் உண்டாம். “ரெண்டும் மரக்கால்தான் மக்கா. எந்த மரக்கால்னு கேட்டுல்லா வாங்கணும்” என்றார். என் பாடப்புத்தகம் சொல்லாததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நெல்லுக்கு இருந்த குழப்பம் தீர, 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததும் அதே ஆண்டுதான். பைட்டுக்கும் 1998இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் தீர்வு சொன்னது. இரண்டின் அடுக்குகளுக்குக் கிபி, மெபி, கிபி என ஒலிக்கும் தனிப்பெயர்களை வைத்தது. 1,024 பைட் ஒரு கிபிபைட்; முன்சொன்ன 107 கோடிச் சொச்சம் ஒரு ஜிபிபைட் என்றும் எழுதப்படுகிறது. எனினும் விண்டோஸ் இன்னும் பழைய பெயரையே காட்டுகிறது.

நண்பர்கள் ஒன்றை நினைவில் கொண்டால் போதும்: பெட்டியில் அச்சிட்ட ஜிகாபைட்டை 0.931ஆல் பெருக்கினால் விண்டோஸ் காட்டும் அளவு கிடைக்கும். 32 ஜிகாபைட் பென்டிரைவ் ஏறத்தாழ 29.8 என்று காட்டும். குறைந்தது இடமன்று, மாறியது மரக்கால்.

மறுவாரம் அந்தக் கடைக்குப் போய், கணக்கிட்ட தாளைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் தாளை வாங்கி, வாடிக்கையாளருக்குத் தெரியும்படி கண்ணாடியில் ஒட்டிவைத்தார். அளந்து கூலி வாங்கிய குடும்பத்தில் பிறந்த எனக்கு, அளவு குறைந்தால் கோபம் வருவது இயல்பு. ஆனால் குற்றம் சொல்லுமுன் அளந்து பார்ப்பதே கற்றவருக்கு அழகு.