உதவிப் பணம் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது?

மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலும் கிராமங்களிலும் ஒரு குடும்பம் நொடித்துப் போனால், "சுவாமியிடம் சொல்லிப் பாருங்கள், ஏதாவது கிடைக்கும்" என்று அயலவர் சொல்வது வழக்கம். கூரைத் தகரம், பிள்ளைகளுக்குப் பாடக் கொப்பிகள், ஓர் ஆட்டுக்குட்டி என்று ஏதோ ஒன்று வந்து சேரும். வந்ததற்கு நன்றி சொல்கிறோம். அந்தப் பணம் யார் கொடுத்தது, யார் பிரித்தது, அடுத்த ஆண்டும் வருமா என்று கேட்பவர் சிலரே. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும் என்பதே இப்பாடத்தின் கருத்து.

மறைநூல் காட்டும் வழி

எருசலேமில் வறுமையுற்ற சகோதரருக்காகப் புனித பவுல் ஊரூராகக் காணிக்கை திரட்டினார். மக்கதோனியத் திருச்சபையினர் தாமே ஏழைகளாயிருந்தும் தாராளமாகக் கொடுத்தனர். அப்பணத்தைப் பவுல் தனியே கையாளவில்லை. எவரும் குறை கூற இடமில்லாதபடி, சபைகள் தெரிந்தெடுத்தவரையும் தீத்துவுடன் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). அதற்கு முன்னரே, அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. திருத்தூதர்கள் அதை அடக்கிவிடாமல், பங்கீட்டுக்கென எழுவரை நியமித்தனர் (திருத்தூதர் பணிகள் 6). ஏழையும் கொடுக்கிறான்; கணக்கு வெளிச்சத்தில் இருக்கிறது; முறைப்பாட்டுக்கு இடமுண்டு. இம்மூன்றையும் மனத்திற் கொள்வோம்.

நான்கு ஊற்றுகள்

கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்களும் கண்டி மறைமாவட்டத்துள் அடங்கும். இங்கு திருச்சபையின் சமூகப் பணியை நடத்துவது கண்டி கரித்தாஸ் – செட்டிக் நிறுவனம். யாழ்ப்பாணத்தில் கியூடெக், மன்னாரில் வாழ்வுதயம் எனப் பிற மறைமாவட்டங்களிலும் இத்தகைய நிலையங்கள் உண்டு. இவற்றை இணைப்பது 1968இல் தொடங்கிய செடெக். இத்தகைய நிலையம் ஒன்றின் பணிக்கு நான்கு ஊற்றுகள் உள்ளன.

முதலாவது, நமது தவக்காலக் காணிக்கை. தொகை சிறிதாயினும் இது நம்முடையது. பிறர் விதித்த நிபந்தனை இதில் இல்லை.

இரண்டாவது, வெளிநாட்டுத் திருச்சபை நிறுவனங்களின் உதவி. அதுவும் பெரும்பாலும் சில்லறைக் காசாகச் சேர்ந்ததே. ஜேர்மனியின் மிசெரியோர் 1958இல் தவக்காலக் காணிக்கை இயக்கமாகவே பிறந்தது. இங்கிலாந்தின் காஃபோட் நிறுவனத்துக்கு வித்திட்டது, 1960இல் கத்தோலிக்கப் பெண்கள் ஏற்படுத்திய குடும்ப நோன்பு நாள். யாரோ ஒரு தாய் ஒருவேளை உணவைக் குறைத்துக் கொடுத்த பணத்தை நாம் வீணாக்கலாமா?

மூன்றாவது, மக்களின் சொந்தப் பங்கு: சிரமதானம், பிடியரிசி, வாராந்தச் சேமிப்பு.

நான்காவது, அரசின் பணம். இதைப் பலர் ஊற்றாகவே எண்ணுவதில்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவும், பிரதேச சபையின் நிதியும் நமது உரிமை, பிச்சையல்ல.

உதவி அடைக்க முயன்ற ஓட்டை

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. உக்குவளையிலோ இரத்தோட்டையிலோ கிராமத்துப் பாதைக்குச் சபை கல் போடும். அதற்கப்பாலுள்ள தோட்டப் பாதைக்குப் போடாது. தோட்ட மக்களும் வாக்களித்தே சபையைத் தெரிவு செய்தனர். 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத்துக் குடிநீருக்கும் மலசலகூடத்துக்கும் நிர்வாகத்தையோ தொண்டு நிறுவனங்களையோ எதிர்பார்க்க நேர்ந்தது. அரசின் கடமையை அன்பளிப்பு சுமந்தது.

ஆகவே இன்று ஒரு தோட்டப் பாதைக்கு உதவி கேட்குமுன், பிரதேச சபைக்கு விண்ணப்பித்தோமா என்று கேட்க வேண்டும். ஒரு நிலையம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சேவை பல வேளைகளில் மிக மலிவானது. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாத ஒருவருக்கு அவற்றைப் பெற்றுக்கொடுக்க, பஸ் கட்டணமும் படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவரின் இரண்டு நாள் நேரமும் போதும். அவை கையில் இருந்தால் கொடுப்பனவு, வங்கிக் கணக்கு, வேலை எனப் பல கதவுகள் திறக்கும். ஆனால் படிவம் நிரப்புவதைப் புகைப்படம் எடுத்து அறிக்கையில் போட எவரும் விரும்புவதில்லை. தகரம் கொடுப்பது படத்தில் நன்றாகத் தெரியும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைத் தாக்கியபோது, மாத்தளை மாவட்டமும் மண்சரிவுக்குத் தப்பவில்லை. அனர்த்தத்தின்போது உதவிப் பணம் விரைவாக வரும், விரைவாகவே வற்றிவிடும். தகரம் கொடுக்கலாம், ஆனால் லயத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்தத் தகரத்தின் கீழுள்ள நிலம் சொந்தமல்ல. பாதுகாப்பான இடத்தில் காணி உறுதி கிடைக்கும்வரை, அடுத்த மழைக்கும் அதே குடும்பம் அதே சரிவிலேயே நிற்கும்.

திட்டம் முடிந்த பின்

வெளிநாட்டு நிதி ஒரு திட்டத்துக்கென்று, குறித்த காலத்துக்கு வருகிறது. காலம் முடிந்ததும் கள உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிள் சத்தமும் நின்றுவிடும். பிறகு மிஞ்சுவது என்ன? மக்கள் தாமே கட்டிக் காத்த சங்கம்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 15 பெண்கள் வாரம் 100 ரூபா வீதம் சேமித்தால் ஆண்டுக்கு 78,000 ரூபா சேரும். தலா 15,000 ரூபா வீதம் ஐவருக்குக் கடன் கொடுக்கலாம். ஆட்டுக் கொட்டில் போட, மிளகுக் கன்று நட, திடீர் நோய்ச் செலவைச் சமாளிக்க அது உதவும். வட்டியும் சங்கத்துக்கே திரும்பும். இது நமக்குப் புதியதன்று. பக்கத்துத் தெல்தெனியப் பகுதியில் 1906ஆம் ஆண்டிலேயே கடனுதவிக் கூட்டுறவு முயற்சி தொடங்கியது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது 1911இல்தான்.

இச்சேமிப்பு இல்லாத இடத்தில் கடன் கம்பனி வாசலுக்கு வரும். நுண்கடன் சுமை எவ்வளவு முற்றியதென்றால், 2018இல் வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

எனினும் ஓர் எச்சரிக்கை. வாரம் 100 ரூபா கட்ட இயலாத குடும்பமே மிக வறிய குடும்பம். நோயாளி, தனித்து வாழும் முதியவர், குடிகாரக் கணவனால் கைவிடப்பட்டவள் ஆகியோர் சங்கத்துக்கு வெளியே நிற்பர். காணிக்கைப் பணம் முதலில் இவர்களையே தேடிச் செல்ல வேண்டும். சேமிக்கக் கூடியவருக்குச் சங்கம். சேமிக்க முடியாதவருக்குக் காணிக்கை. இவ்வாறு பிரித்துப் பார்த்தால் சிறிய தொகையும் நெடுந்தூரம் போகும். அவர் இந்துவா, பௌத்தரா, இஸ்லாமியரா, கிறிஸ்தவரா என்ற கேள்விக்கு இங்கு இடமில்லை. அன்று புறக்கணிக்கப்பட்டோர் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள். இன்று நம்மூரில் அவ்விடத்தில் நிற்பவர் யார் என்பதே கேள்வி.

கலந்துரையாடலுக்கு

1. சென்ற ஆண்டு நம் பங்கில் திரண்ட தவக்காலக் காணிக்கை எவ்வளவு, எதற்குச் செலவானது என்பது நமக்குத் தெரியுமா? அதைக் கோவில் வாசலில் எழுதி ஒட்டத் தடை என்ன?

2. நம் தோட்டத்தில் பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாதவர் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்துக்கு முன் வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்போம்.

3. நாம் வெளியாரிடம் கேட்கும் உதவிகளுள் பிரதேச சபையிடம் கேட்க வேண்டியவை எவை?

4. நம் சங்கத்தில் சேர முடியாமல் வெளியே நிற்கும் குடும்பம் எது? அந்த வீட்டுக்கு இவ்வாரம் யார் போவது?