செம்பழமும் பச்சைக்காயும்

நுழையும்முன்

ஆண்களைவிடப் பெண்களுக்கு நிறம் நன்றாகத் தெரியும் என்பது துணிக்கடையிலும் வீட்டிலும் அடிக்கடி கேட்கும் பேச்சு. அரக்கு, பாக்கு, மாந்துளிர், மயில்கழுத்து என்று ஒருவர் பிரித்துச் சொல்வதை இன்னொருவர் 'சிவப்பு', 'பச்சை' என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறார். இந்த வேறுபாடு கண்ணில் இருக்கிறதா, பழக்கத்தில் இருக்கிறதா? பழனிமலைச் சரிவின் காப்பித் தோட்டத்திலிருந்து இவ்வினாவைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

மலைச்சரிவில் ஒரு வேலை

மலைப்பக்கத்துக்குப் பழந்தமிழ் வழங்கிய பெயர்களுள் ஒன்று 'அடுக்கம்'. குறிஞ்சித் திணைப் பாடல்களில் பயின்று வரும் அச்சொல், பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில் ஓர் ஊரின் பெயராக இன்றும் வாழ்கிறது. பழனிமலைத் தொடரின் நடுத்தர உயரச் சரிவுகளில் நிழல் மரங்களுக்கு அடியில் காப்பி விளைகிறது. மரத்தில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, இடையிடையே மலைவாழையும் ஆரஞ்சும் நிற்கும். தொடரின் கிழக்குப் பகுதியிலுள்ள தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு.

மழைக்காலம் ஓயத் தொடங்கும்போது காப்பிப் பழம் எடுக்கும் வேலை தொடங்கும். ஒரே கிளையில் பச்சைக்காயும், மஞ்சள் ஏறிய செங்காயும், நன்கு சிவந்த பழமும் நெருங்கி இருக்கும். சிவந்ததை மட்டும் பறித்து மற்றவற்றை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். பச்சைக்காய் கலந்தால் தோலுரிக்கும் எந்திரத்தில் அது சரியாக உரிபடாது. காப்பியிலும் துவர்ப்பு ஏறும். எனவே கூடை நிறைந்தால் மட்டும் போதாது. கூடைக்குள் இருக்கும் நிறமும் சரியாக இருக்க வேண்டும். இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். கை விரைந்து செல்ல, கண் அதற்கு முன்னால் சென்று இலைக்குள் மறைந்த சிவப்பைத் தேடுகிறது.

பசுமைக்குள் செம்மையைத் தேடுதல் என்னும் இச்செயல் மிகப் பழையது. காப்பி இம்மலைக்கு வருமுன்பே, மனிதர் வேளாண்மை கற்குமுன்பே, மரத்தில் வாழ்ந்த விலங்குகள் செய்துவந்த வேலை அது.

கடுவனும் மந்தியும்

விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூவகை. ஒருவகை ஏறத்தாழ 420 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிக்கும், இரண்டாம் வகை 530க்கும், மூன்றாம் வகை 560க்கும் அருகில் மிகுதியாக எழுச்சி பெறுகின்றன. எளிமை கருதி இவற்றை நீலக்கூம்பு, பச்சைக்கூம்பு, சிவப்புக்கூம்பு என்பர். எந்த ஒரு கூம்பும் தனித்து நின்று நிறத்தை அறிவதில்லை. மூன்றும் அனுப்பும் குறிப்புகளை ஒப்பிட்டே மூளை நிறத்தை உணர்கிறது. பச்சைக்கூம்புக்கும் சிவப்புக்கூம்புக்கும் இடையிலான சிறு வேறுபாடே காப்பி இலையிலிருந்து காப்பிப் பழத்தைப் பிரித்துக் காட்டுகிறது.

பாலூட்டிகளுள் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வகைக் கூம்புகளே உண்டு. கொடைக்கானலில் தெருவுக்கே வந்து நிற்கும் காட்டுமாட்டுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரிவதில்லை. ஆனால் அதே காட்டில் வாழும் கருமந்திக்கும் நாட்டுக்குரங்குக்கும் மனிதரைப் போலவே மூவகைக் கூம்புகள் உள்ளன. பழுத்த கனியையும் இளஞ்செந்தளிரையும் இலைக்கூட்டத்தில் தொலைவிலிருந்தே காண முடிந்த விலங்குகளுக்கு அப்பார்வை வாழ்வுக்கு உதவியிருக்க வேண்டும் என்பது அறிவியலாளர் பலரின் கருத்து.

ஆண் குரங்கைக் கடுவன் என்றும் பெண் குரங்கை மந்தி என்றும் பிரித்தழைத்த தமிழுக்கு ஒரு செய்தி வியப்பூட்டும். பழனிமலையில் கடுவனும் மந்தியும் ஒரே உலகைப் பார்க்கின்றன. தென் அமெரிக்கக் காடுகளின் அணில்குரங்கு இனத்திலோ கடுவன்கள் அனைத்தும் இருவகைக் கூம்புகளோடுதான் பிறக்கின்றன. மந்திகளுள் பல மூவகைக் கூம்புகளைப் பெறுகின்றன. அங்கே ஒரே மரத்தில் அமர்ந்திருக்கும் அண்ணனும் தங்கையும் வெவ்வேறு நிறங்களைக் காண்கின்றனர். பெண்ணுக்கு நிறம் கூடுதலாகத் தெரியும் என்னும் கூற்று அக்குரங்குகளைப் பொறுத்தவரை சொல்லுக்குச் சொல் உண்மை. மனிதரிடத்தில் அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அறியக் குரோமோசோம்களைப் பார்க்க வேண்டும்.

எக்ஸ் தாங்கும் மரபணு

நீலக்கூம்பின் நிறமிக்கான மரபணு ஏழாவது குரோமோசோமில் உள்ளது. சிவப்பு, பச்சைக் கூம்புகளுக்கான மரபணுக்கள் இரண்டும் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்தவை ஆதலால், இனச்செல் உருவாகும்போது அவை தவறாக இணைந்து, ஒன்று விடுபடுவதும் இரண்டும் கலந்து புதிதொன்று தோன்றுவதும் எளிதாக நிகழ்கின்றன.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் குறை இருப்பினும் மற்றது ஈடுசெய்துவிடும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அதில் குறை நேர்ந்தால் மாற்று இல்லை. ஆண், பெண் நிறப்பார்வையின் பெரிய வேறுபாடு இந்த ஓரிடத்தில்தான் பிறக்கிறது. ஐரோப்பிய வழியினருள் ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு–பச்சைக் குறைபாடு உண்டு. பெண்களில் அது அரை விழுக்காட்டளவே. இந்தியாவில் ஆண்களிடையே செய்த ஆய்வுகள் பலவற்றில் விழுக்காடு இதனினும் குறைவு.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். எக்ஸ் குரோமோசோம்களில் நூற்றுக்கு எட்டில் இக்குறை இருக்குமானால், ஒரு பெண்ணின் எக்ஸ் இரண்டிலுமே அது அமையும் வாய்ப்பு 0.08 × 0.08, அதாவது 0.64 விழுக்காடு. காணப்படும் அளவு இதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஓர் எக்ஸில் சிவப்புக்கூம்பின் குறையும் மற்றதில் பச்சைக்கூம்பின் குறையும் இருந்தால், ஒன்றில் இல்லாததை மற்றது தந்துவிடும். அப்பெண்ணின் பார்வை இயல்பாகவே இருக்கும். அதே கணக்கின்படி நூறு பெண்களில் ஏறத்தாழ பதினைந்து பேர் குறைபாடுள்ள ஓர் எக்ஸைத் தாங்கியவர்கள். தம் வாழ்நாளில் அதை அவர்கள் உணர்வதே இல்லை.

இந்நிலையைத் தமிழ்ப் பாடநூல்கள் 'நிறக்குருடு' என்று நெடுங்காலம் எழுதிவந்தன. சொல் பொருத்தமற்றது. குறைபாடு உடையோரில் பெரும்பாலோர் நிறங்களைக் காண்கின்றனர். அவற்றுள் சிலவற்றைப் பிரித்தறிவதிலேயே இடர்ப்படுகின்றனர். 'நிறப்பார்வைக் குறைபாடு' என்பதே உண்மைக்கு நெருங்கிய பெயர்.

டால்டனின் கண்கள்

அணுக்கொள்கைக்குப் பெயர்பெற்ற ஜான் டால்டனுக்கு இக்குறைபாடு இருந்தது. பகலில் வானீலமாகத் தமக்குத் தெரிந்த ஜெரேனியம் மலர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவந்து தோன்றியதைக் கண்டு அவர் திகைத்தார். மற்றவர்களுக்கு அப்படி மாறவில்லை. தம் உடன்பிறந்தானுக்கு மட்டும் மாறியது. 1794இல் மான்செஸ்டர் அறிவியல் அவையில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். தம் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீலச்சாயம் உடையது என்பது அவர் ஊகம். இறந்தபின் கண்ணைச் சோதித்துப் பார்க்கவும் அவர் இசைந்திருந்தார். 1844இல் அவர் மறைந்தபோது மருத்துவர் சோதித்தார். நீர்மம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்ட கண் திசுவிலிருந்து 150 ஆண்டுகளுக்குப்பின், 1995இல், மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. அவரிடம் பச்சைக்கூம்புக்கான மரபணு இல்லை. தம் கொள்கை பொய்யாகலாம் என்று அறிந்தே தம் கண்ணைச் சோதனைக்கு விட்டுச்சென்ற அவரது துணிவு, அணுக்கொள்கைக்குச் சிறிதும் குறைந்ததன்று.

தாயைப் பழித்தல் தகுமோ?

தந்தை மகனுக்குத் தருவது ஒய் குரோமோசோம். எனவே தந்தையின் இக்குறைபாடு மகனுக்கு நேரே செல்வதில்லை. அது மகளிடம் மறைந்து தங்கி, மகள்வயிற்றுப் பேரனிடம் மீண்டும் தோன்றும். 1876இல் சுவிஸ் நாட்டுக் கண்மருத்துவர் ஹார்னர் இவ்வழியை எடுத்துக்காட்டினார். தாத்தாவைக் கொண்டு பேரன் பிறந்திருக்கிறான் என்று ஊரார் சொல்வதில் இப்படியும் ஒரு பொருள் இருக்கிறது.

இவ்வுண்மையை அரைகுறையாக அறிந்த வீடுகளில் பழி தாயின்மேல் விழுவதுண்டு. அது அறியாமை. அவளுடைய எக்ஸ் இரண்டில் எது மகனுக்குச் செல்லும் என்பது நாணயம் சுண்டுவது போன்றது. அந்த எக்ஸும் அவள் தேடிக்கொண்டது அன்று. அவள் தந்தையிடமிருந்தோ தாயிடமிருந்தோ வந்தது.

தமிழர் உறவுமுறையில் இதற்கு ஒரு தனி விளைவு உண்டு. ஓர் இளைஞனுக்கு இக்குறைபாடு இருக்கிறது. அவன் தாய்மாமனுக்கும் அதே குறைபாடு. இளைஞன் மாமன் மகளை மணக்கிறான் என்று கொள்வோம். மாமனிடம் இருப்பது ஒரே எக்ஸ்; அதையே அவர் மகளுக்குத் தந்திருக்க முடியும். ஆகவே அவள் அதைத் தாங்கியவள் என்பது உறுதி. இவ்விருவருக்கும் பிறக்கும் பெண்குழந்தைகளுக்குத் தந்தை தருவதும் குறையுள்ள எக்ஸ். தாய் தருவது அதுவாக இருக்கும் வாய்ப்பு பாதி. பெண்களிடம் அரிதாகத் தோன்றவேண்டிய குறைபாடு அவ்வீட்டில் இரண்டில் ஒரு மகளுக்கு வரக்கூடும். நெருங்கிய உறவில் மணம் புரிவதைப் பற்றி மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கைகளுள் இது மிகச் சிறியது என்றாலும், அவ்வெச்சரிக்கையின் காரணத்தை இதைப்போல் எளிதாக விளக்குவது வேறில்லை.

மீதமுள்ள வேறுபாடு

குறைபாடு உடையோரை விலக்கிவிட்டுப் பார்த்தால், ஏனைய ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே வேறுபாடு உண்டா? மிகச் சிறிய அளவில் உண்டு என்கின்றன ஆய்வுகள். நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் இஸ்ரேல் அப்ரமோவும் உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரே நிறத்தை உணர ஆண்களுக்குப் பெண்களைவிடச் சற்று நீண்ட அலைநீளம் தேவைப்பட்டது. கருவியால் அளந்தாலன்றித் தெரியாத வேறுபாடு அது. குறைபாடுள்ள ஓர் எக்ஸைத் தாங்கிய பெண்களுள் சிலருக்கு நான்காம் வகைக் கூம்பு இருப்பதும் உண்மையே. ஆனால் அதைக்கொண்டு கூடுதல் நிறம் காணும் திறன் 2010இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் உறுதிப்பட்டது. இவை துணிக்கடைச் சண்டையைத் தீர்க்கப் போதுமானவை அல்ல.

அச்சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் சொல்லும் பழக்கமுமே. மலையடிவாரத்துச் சின்னாளபட்டியில் நூலுக்குச் சாயம் ஏற்றும் ஆண், கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் இடையிலுள்ள படிகளை ஒன்றுவிடாமல் சொல்வார். அவர் கண் ஒன்றும் தனிப்பட்டதன்று. தவறினால் சேலை வீணாகும் என்ற நிலை அக்கண்ணைப் பழக்கியிருக்கிறது. நிறத்தின் பெயரைக்கொண்டு பார்வையை அளப்பதும் பிழையே. 'பசுமை' என்னும் சொல் இலையின் நிறத்தையும் குறித்தது. 'பசும்பொன்' என்றபோது பொன்னின் நிறத்தையும் குறித்தது. கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் சினத்தையும் உணர்த்தும் என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். 'பச்சை' இன்றும் நிறத்தோடு பழுக்காமையையும் வேகாமையையும் சேர்த்தே சுமக்கிறது. இவற்றைக் கொண்டு பழந்தமிழர் பொன்னையும் இலையையும் பிரித்தறியவில்லை என்று எவரும் சொல்லமாட்டார்.

வேலையும் கண்ணும்

1875இல் சுவீடனில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் தொடர்வண்டிகள் மோதிக்கொண்டன. ஓட்டுநர் விளக்கின் நிறத்தைத் தவறாகக் கண்டிருக்கலாம் என்று கருதிய ஹோல்ம்கிரென் என்னும் அறிஞர், பலநிற கம்பளி நூல்களைப் பிரித்து அடுக்கச் சொல்லி இரயில்வே ஊழியரின் பார்வையைச் சோதிக்கும் முறையை வகுத்தார். நிறப்புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளை ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்டார். இன்றும் பணிக்கான மருத்துவச் சோதனைகளில் பயன்படுபவை அவ்வட்டைகளே. சோதனை சில நிமிடங்களில் முடியும். ஆயினும் பள்ளிப் பருவத்தில் அதைச் செய்துகொள்ளாத மாணவன், தேர்விலெல்லாம் வென்று வேலையின் வாயிலில் நிற்கும்போது முதன்முறையாகத் தன் கண்ணைப் பற்றி அறிய நேர்கிறது.

எல்லா வேலைக்கும் இத்தடை தேவையா என்னும் கேள்வியும் எழுந்துள்ளது. இரயில் ஓட்டுநருக்குச் சிவப்பு விளக்கு தெரிந்தே ஆகவேண்டும். அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் மிதமான குறைபாடு உடையோரும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்று நடுவண் அரசு 2020இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 2022இல், திரைப்படக் கல்லூரியின் படத்தொகுப்புப் படிப்பில் இக்குறைபாட்டைக் காரணம் காட்டி இடம் மறுத்தல் ஆகாது என்று உச்சநீதிமன்றம் கூறியது.

அடுத்த ஆண்டு தமிழ்நாட்டு வழக்கு ஒன்று அதே நீதிமன்றத்தின்முன் வந்தது. தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வான ஒருவருக்கு, மருத்துவச் சோதனையில் நிறப்பார்வைக் குறைபாடு தெரிந்ததால் பணி மறுக்கப்பட்டிருந்தது. மின்கம்பிகளை நிறத்தால் அடையாளம் காணவேண்டிய துறை ஆயிற்றே என்பது கழகத்தின் வாதம். அத்தகைய கவலை நியாயமானதே என்றாலும், ஓர் உதவிப் பொறியாளர் செய்யும் பணிகள் அனைத்தும் கம்பியைத் தொட்டுச் செய்பவை அல்ல என்பதையும் பார்க்கவேண்டியிருந்தது. அவருக்கு ஏற்ற பணியில் அவரை அமர்த்துமாறு 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

காப்பித் தோட்டத்தில் இதற்கு ஆணை ஏதும் தேவைப்படுவதில்லை. பழுத்த பழம் விரலால் அழுத்தினால் நெகிழ்ந்து கொட்டையை வெளித்தள்ளும். பச்சைக்காய் கல்போல் நிற்கும். நிறம் பிரித்தறியாதவரும் தொட்டுப் பார்த்துப் பறிக்கலாம். கூடை நிறையச் சற்று நேரம் கூடுதலாகும், அவ்வளவே.